ஓடாநிலைத் தீரன்

கோவை மாநகரின் நடுவண் கோட்டைமேடு என்னும் பெயருடைய பகுதி ஒன்றுண்டு. அங்குச் சென்று நோக்குவார்க்கு மதில் தோன்றாது, அகழி தோன்றாது, நெருங்கிய வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களுமே தோன்றும். மைசூர்ப் போர்களின் காலத்தே பன்முறை கைமாறிய கோட்டை ஒன்று அவ்விடத்தே நின்றது. கோட்டை போயிற்று, பெயர் போகவில்லை. மதிலை இடித்தெறிவது மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் எளிது. ஊரார் நாவிற் படிந்துவிட்ட ஒரு சொல்லை எடுத்தெறிவது எளிதன்று போலும்!

இவ்வுண்மைக்கு நம் கொங்குநாட்டில் ஒரு கோட்டையும், அக்கோட்டைக்குரிய பெருவீரர் ஒருவரும் சிறந்த சான்றாவர். கோட்டை, ஈரோடு மாவட்டத்தில் அறச்சலூருக்கு அண்மையிலுள்ள ஓடாநிலை. வீரர், தீரன் சின்னமலை. ஆங்கிலக் கும்பினியார் அவர் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். அவரையும் 1805-ஆம் ஆண்டில் தூக்கிலிட்டனர். ஆயினும் இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னும், ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் வருமாயின், கொங்கு மக்கள் அவர் பெயரை வாழ்த்தாதிருப்பதில்லை. அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நாட்டின் நிலை

சின்னமலையின் வாழ்வை அறிதற்கு, அவர் காலத்துக் கொங்குநாட்டின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். கொங்கு இருபத்துநான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. மதுரை நாயக்கர் ஆட்சி தளர்வுற்றபின், பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் இந்நாட்டைச் சிறிது சிறிதாகத் தம் வயப்படுத்தினர். 1761-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் முழு அதிகாரமும் ஐதரலியின் கைக்கு வந்தது. அவர் 1782-இல் மறையவே, அவர் மைந்தர் திப்பு சுல்தான் அரசேறினார். மறுபுறத்தே, சென்னையில் வேரூன்றிய ஆங்கிலக் கும்பினியார் மேற்கு நோக்கிக் கை நீட்டலாயினர். கோவைக் கோட்டையை அவர்கள் 1768-இலும் 1783-இலும் 1790-இலும் கைப்பற்றினர். மூன்று முறையும் மைசூரார் அதனை மீளப் பெற்றனர்.

நம் சரவணம்பட்டி வழியாகச் செல்லும் பெருஞ்சாலை சென்று சேரும் சத்தியமங்கலமே, அந்நாளில் கசலட்டிக் கணவாய் வழியாக மைசூர்ப் படைகள் கொங்குச் சமவெளியில் இறங்கும் வாயிலாக இருந்தது. 1790-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் திப்புவின் படையும் ஆங்கிலர் படையும் அவ்வூரை அடுத்து மோதின. படை எத்திசையிலிருந்து வந்தாலும், அதற்குத் தவசமும் தீவனமும் வண்டியும் மாடும் அளித்தவர் உழவரே. ஆள்பவர் மாறினர், வரி மாறவில்லை. இத்தகைய காலத்தில், தம் மண்ணைத் தாமே காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் ஓர் இளைஞர் உள்ளத்தே தோன்றியது வியப்பன்று. அவ்வெண்ணத்தைத் தம் உயிர் உள்ளளவும் விடாது பற்றி நின்றதே வியப்பு.

பிறப்பும் இளமையும்

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையம் என்னும் சிற்றூரில், 1756-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், இரத்தினசாமிக் கவுண்டருக்கும் பெரியாத்தாளுக்கும் மகனாகச் சின்னமலை பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. அவர் தோன்றிய குடி, பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சார்ந்தது. அம்மரபினர்க்குச் சர்க்கரை மன்றாடியார் என்பது பட்டம். இன்று உலகறிந்த காங்கேய மாட்டினத்தைப் பிற்காலத்தே பேணி வளர்த்த பெருமையும் அம்மரபினர்க்கே உரியது. இக்கதையின் நாயகர் பிறந்த குடியின் ஊர்ப்பெயரிலேயே கோட்டை என்னும் சொல் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது.

காங்கேய நாடு வானம் பார்த்த நாடு. ஆற்றுப் பாய்ச்சல் அருகி, கிணற்று நீரும் கால மழையுமே உழவர்க்குத் துணையாகும் நாடு. கம்பும் சோளமும் விளையும் கொறங்காடுகளில் ஆடுமாடு மேய்த்து வளர்ந்த இளைஞர்கள், வெயிலுக்கு அஞ்சாதவர்களாகவும் நெடுவழி நடக்க வல்லவர்களாகவும் விளங்கினர். தீர்த்தகிரியும் அவருடன் பிறந்தாரும் இளமையிலேயே சிலம்பமும் வாட்போரும் குதிரையேற்றமும் பயின்றனர் என்பர். உடன்பிறந்தாருள் பெரியதம்பி, கிலேதார் என்னும் இருவர் இறுதிவரை அவரைப் பிரியாது நின்றனர். கிலேதார் என்னும் சொல் கோட்டைத் தலைவன் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபாகும். மைசூர் ஆட்சியின் வழக்குச் சொற்கள் கொங்கு வீட்டுப் பெயர்களிலும் கலந்திருந்த காலம் அது.

பெயர் வந்த கதை

தீர்த்தகிரி, சின்னமலை ஆன வரலாற்றை ஏடுகளினும் ஊரார் வாய்மொழியே நமக்கு நன்கு உரைக்கிறது. கொங்குநாட்டில் தண்டிய வரிப்பணத்தை மைசூர் அதிகாரிகள் சங்ககிரி வழியாகத் தம் தலைநகர்க்குக் கொண்டு சென்றனராம். அவ்வழியே தம் தோழர்களுடன் வந்த இளைஞர் தீர்த்தகிரி, அப்பணத்தை மறித்துப் பறித்து, அதனை இழந்து வருந்திய எளியோர்க்கே பகிர்ந்தளித்தனராம். வெறுங்கையராய் நின்ற அதிகாரிகள், தம் தலைவரிடம் என் சொல்வோம் என்று கலங்கினர். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை நின்று பறித்துக்கொண்டது என்று சென்று கூறுமாறு தீர்த்தகிரி விடைகொடுத்தனுப்பினார். அன்று தொட்டு அப்பெயரே அவர்க்கு நிலைத்தது என்பது கதை.

சென்னிமலையும் சிவன்மலையும் முருகன் கோயில் கொண்ட குன்றுகள். காங்கேயச் சுற்றுப்புறத்து மக்கள் நாள்தோறும் கண்டு தொழுபவை. அவ்விரண்டிற்கும் நடுவே தம்மைச் சிறிய மலையாக வைத்துக் கூறியதில் பணிவும் உண்டு. அசையேன் என்னும் உறுதியும் உண்டு. பேரரசர்கள் நீண்ட விருதுப் பெயர்களைத் தாமே சூட்டிக்கொண்டு மறைந்தனர். அவற்றை இன்று அறிவார் சிலரே. இருமலைக்கு நடுவே விளையாட்டாகத் தோன்றிய இச்சிறு பெயரோ இன்றும் நின்று நிலவுகிறது.

திப்புவுடன் தோழமை

மைசூர் அரசின் வரியைப் பறித்தவர் பின்னர் மைசூர் அரசருடன் தோள் சேர்ந்தது எங்ஙனம் என்று வினவுவார் உளராகலாம். இதற்கு விடை 1792-ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமாகக் கொடுக்க இசைந்தார். தம் மைந்தர் இருவரைப் பிணையாக ஒப்புவித்தார். சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியார் வசமாயின. சங்ககிரி மலையிலும் அவர்கள் கொடி ஏறிற்று. காவிரியின் கீழ்க்கரை வரை கும்பினி வந்துவிட்டது. மேல்கரையில் கொங்கு நின்றது.

மைசூர் அரசு தம் மக்களை வருத்தியதைச் சின்னமலை கண்டறிந்தவர். ஆயினும் கடல் கடந்து வந்த வணிகர் கூட்டம் ஒன்று, நாட்டரசரைத் தோற்கடித்து நாட்டையே விலைப்பொருளாக்குவதையும் அவர் கண்டார். சிறு தீமையை எதிர்த்த கை, பெருந்தீமை கண்டபோது அதன்மேற் பாய்ந்தது. கொங்கு இளைஞர் பலரைத் திரட்டிக்கொண்டு அவர் திப்புவின் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரரிடம் போர்ப்பயிற்சி பெற்றார் என்றும், 1799-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் நிகழ்ந்த மழவல்லிப் போரிலும், அதனை அடுத்துச் சீரங்கப்பட்டண முற்றுகையிலும் பொருதார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். அந்நாளில் எகிப்து நாட்டிலிருந்த நெப்போலியன் துணை வருவார் என்று திப்பு எதிர்பார்த்திருந்தார். துணை வரவில்லை. மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் போர்க்களத்தே வீழ்ந்தார். கோவை நாடு முழுவதும் கும்பினியார் கைப்பட்டது.

ஓடாநிலைக் கோட்டை

அரசர் இறந்தபின் படைவீரர்கள் வீடு திரும்புவதும் புதிய அரசர்க்கு அடிபணிவதும் உலக வழக்கு. சின்னமலை வீடு திரும்பினார், அடிபணியவில்லை. அறச்சலூருக்கு அண்மையில் ஓடாநிலை என்னும் இடத்தே கோட்டை ஒன்றை அமைத்து, எஞ்சிய வீரரையும் புதிய இளைஞரையும் ஒருங்கு சேர்த்தார். பகைவர்க்கு அஞ்சி ஓடாது நிலைத்து நிற்றற்குரிய இடம் ஆதலின் ஓடாநிலை என்று பெயர் பெற்றதென ஊரார் பெயர்க்காரணம் கூறுவர்.

தென்னாட்டுப் பாளையக்காரர்தம் கோட்டைகளிற் பெரும்பாலன மண்ணால் ஆயவை. அவற்றை எழுப்பும் முறை நம்மவர் வீட்டுச் சுவர் வைக்கும் முறையே. மண்ணைக் குழைத்து ஓர் அடுக்கு வைத்து, அஃது உலர்ந்தபின் அதன்மேல் மற்றோர் அடுக்கு வைத்து, அடி அகன்றும் முடி குறுகியும் உயர்த்துவர். மண் எடுத்த பள்ளமே அகழியாகும். புறத்தே முள்வேலி சூழும். கல்மதிலிற் படும் பீரங்கிக் குண்டு கல்லைச் சிதறச் செய்யும்; மண்மதிலிற் படுவதோ பல வேளைகளில் அதனுள்ளே புதைந்து நின்றுவிடும். ஆதலின் எளிய மண்கோட்டைகளும் ஆங்கிலரை நெடுநாள் அலைக்கழித்தன.

மண்கோட்டையின் உண்மை வலிமை மண்ணில் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி இதனைத் தெளிவிக்கும். 1799-ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபின், கும்பினியார் அக்கோட்டையை இடித்துத் தள்ளினர். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, சில நாட்களுக்குள் அதே இடத்தில் மீண்டும் கோட்டை எழுப்பினார். மார்ச்சு மாதத்தில் அதனைத் தாக்கிய ஆங்கிலப் படை தோற்றுப் பின்வாங்கியது. மே மாதத்திலேயே கோட்டை பிடிபட்டது. இடித்த கோட்டை சில நாட்களில் எழுந்தது எங்ஙனம்? ஆயிரக்கணக்கான கைகள் மண் சுமந்தன. மண்கோட்டை என்பது மக்கள் கூட்டத்தின் மற்றொரு பெயரே. ஓடாநிலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அக்கோட்டையின் மதிலாய் நின்றவர்கள் பெரியதம்பியும் கிலேதாரும், உயிர்த்தோழராகிய கருப்ப சேர்வையும், பெயர் அறியப்படாத உழவர் மக்களுமே.

தனித்து நின்ற ஆண்டுகள்

1800-ஆம் ஆண்டில் தென்னிந்தியா முழுவதும் ஒரு பெருங்கிளர்ச்சி உருவாயிற்று. சீரங்கப்பட்டணச் சிறையினின்று விடுபட்ட தூந்தாஜி வாக் வடக்கே படை திரட்டினார். விருப்பாச்சி கோபால நாயக்கரும், சிவகங்கைச் சீமையின் மருது உடன்பிறந்தாரும், மலையாள நாட்டுக் கேரளவர்மப் பழசிராசாவும் கும்பினியை எதிர்த்து நின்றனர். கோவையிலிருந்த கும்பினிப் பாளையத்தை அவ்வாண்டு சூன் 3-ஆம் நாள் தாக்குவதென்று கிளர்ச்சியாளர் திட்டம் வகுத்தனர். சின்னமலையும் இக்கூட்டணியைச் சார்ந்தவரே. ஆயின் செய்தி முன்னரே வெளிப்பட்டது. எதிர்பார்த்த படைகள் ஒன்றுசேருமுன் ஆங்கிலர் விழித்துக்கொண்டனர். பிடிபட்டோருள் நாற்பதுக்கும் மேற்பட்டவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை இன்று நம் நகரத் தெருக்களில் ஒன்றேனும் தாங்கி நிற்கக் காணோம்.

அதன்பின் ஒருவர்பின் ஒருவராகத் துணைவர்கள் மறைந்தனர். தூந்தாஜி வாக் 1800-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் போரில் மாண்டார். கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலேறினார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் முதல் நாள், பாளையக்காரர்தம் கோட்டைகளை இடித்திடவும் படைக்கலங்களைப் பறித்திடவும் சென்னை அரசினர் அறிக்கை விடுத்தனர். இவ்வறிக்கைக்குப் பின்னரும் கோட்டையும் படைக்கலமும் கொண்டு நின்ற சிலருள் சின்னமலை ஒருவர்.

அவர் 1801-இல் காவிரிக்கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் ஆங்கிலப் படையைப் பொருது வென்றார் என்று கொங்கு மரபு கூறும். ஓடாநிலைப் போரில் ஆங்கிலத் தளபதி ஒருவர் தலையைக் கொய்து மக்கட்குக் காட்டினார் என்னும் கதையும் வழங்குகிறது. இது கும்மிக்கும் தெருக்கூத்துக்கும் உரிய செய்தி. வரலாறு என்று எழுதுதற்குத் தக்க சான்று வேண்டும். அக்கதை இன்றியும் சின்னமலையின் பெருமை குறைவதில்லை. உதவிக்கு எவரும் இல்லாத நிலையில், திப்பு மறைந்தபின் ஆறு ஆண்டுகள் ஒரு பேரரசின் கைக்கு அகப்படாது அவர் நின்றார் என்பதே போதிய பெருமையன்றோ?

மிதியடியில் வந்த ஓலை

இறுதியில் ஆங்கிலர் பெரும் பீரங்கிகளுடன் ஓடாநிலையைச் சூழ முற்பட்டனர். இங்கே ஊரார் கூறும் கதை உருக்கமானது. வேலப்பன் என்னும் பெயருடைய ஒருவர் சின்னமலையின் ஒற்றராய் ஆங்கிலர் பாளையத்தே பணிபுரிந்து வந்தார். மண்மதிலும் தாங்காத வலிய பீரங்கிகள் வருவதை அறிந்த அவர், அச்செய்தியை ஓலையில் எழுதி, ஒரு சோடி மிதியடிக்குள் மறைத்துத் தம் தலைவர்க்கு அனுப்பினார். மிதியடியைப் பிரித்து ஓலையைக் கண்ட சின்னமலை, இரவோடிரவாகத் தம் வீரர்களுடன் கோட்டையை விட்டு நீங்கினார். விடிந்தபின் மதிலை உடைத்து உட்புகுந்த ஆங்கிலர் ஆளில்லாக் கோட்டையையே கண்டனர். அங்குக் கிடந்த மிதியடியும் ஓலையும் வேலப்பனைக் காட்டிக்கொடுத்தன. வேலப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டையோ அடிமட்டம் வரை தகர்த்தெறியப்பட்டது.

ஓடாத நிலை என்று பெயர் பூண்ட கோட்டையை விட்டு அதன் தலைவர் இரவிலே நீங்கியது இழுக்காகாதோ என்று சிலர் கேட்பர். கோட்டையுள் இருந்தவர் உயிரைக் காத்தல் தலைவர் கடன். மண்சுவர் ஒன்றின் மானத்திற்காக நூற்றுக்கணக்கான தாயரைப் புலம்ப விடுதல் வீரம் ஆகாது. அவர் விட்டு நீங்கியது மதிலையே. கொண்ட கொள்கையை அன்று. அவரும் தம் உடன்பிறந்தாரும் கருப்ப சேர்வையும் பழனிப் பக்கத்துக் கருமலைக்குச் சென்று மறைந்துறைந்தனர்.

கருமலையும் சங்ககிரியும்

பீரங்கி செய்யாததைப் பொருளாசை செய்தது. சின்னமலையின் சமையற்காரராகிய நல்லப்பன் என்பவர் கும்பினியார் கொடுத்த பொருளுக்கு உடன்பட்டார் என்றும், உணவருந்தும் வேளையில் படைக்கலமின்றி இருந்த நால்வரையும் அவர்கள் சூழ்ந்து பிடித்தனர் என்றும் மக்கள் உரைப்பர். உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தலைக் கொங்கு மக்கள் எவ்வளவு பெரும்பழியாகக் கருதினர் என்பதை இக்கதை காட்டும். ஒற்றராய் உயிர் ஈந்த வேலப்பன் பெயரையும், சோறிட்ட கையாலேயே காட்டிக்கொடுத்த நல்லப்பன் பெயரையும் அவர்கள் ஒருசேர நினைவில் வைத்துள்ளனர். ஒன்று வாழ்த்துதற்கு, மற்றொன்று எச்சரித்தற்கு.

பிடிபட்டோர் சங்ககிரிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இளமையில் எவ்வழியே சென்ற வரிப்பணத்தை மறித்தார் என்று கதை கூறுகிறதோ, அவ்வழியில் உள்ள அதே கோட்டை! பாறைக் குன்றின்மேல் அடுக்கடுக்காக மதில் சூழ்ந்து நிற்கும் அவ்விடத்தே, 1805-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், சின்னமலையும் பெரியதம்பியும் கிலேதாரும் கருப்ப சேர்வையும் தூக்கிலிடப்பட்டனர். சின்னமலைக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. அவர் மறைந்த நான்கு திங்களில், நவம்பர் 30-ஆம் நாள், வயநாட்டுக் காட்டில் பழசிராசாவும் மாண்டார். 1800-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியின் கடைசித் தீப்பொறிகள் அவ்வாண்டோடு அவிந்தன.

ஏடும் நாவும்

இதுகாறும் கூறியவற்றுள் சில ஏட்டில் உள்ளவை. சில நாவில் வழங்குபவை. ஏட்டில் உள்ளதே உண்மை, நாவில் வழங்குவது கட்டுக்கதை என்று கருதுவார் பலர். அக்கருத்தைத் தடுத்து நிறுத்தும் செய்தி ஒன்று சின்னமலையின் இறந்த நாளிலேயே உள்ளது.

ஆங்கில நாட்காட்டியைப் பின்பற்றுவோர் சூலை 31-ஆம் நாளை அவர் நினைவுநாளாகக் கொள்கின்றனர். ஊர்மக்களோ ஆடிப்பெருக்காகிய ஆடிப் பதினெட்டாம் நாளைக் கொள்கின்றனர். இக்காலத்தே ஆடிப் பதினெட்டு ஆகத்து 2 அல்லது 3-ஆம் நாளில் வருகிறது. இரண்டும் வேறாதலின் ஊரார் நினைவு பிழைபட்டது என்று தோன்றும். ஆராய்ந்தால் பிழை ஊராரிடம் இல்லை. நம் தமிழ் ஆண்டு விண்மீன்களை ஒட்டிக் கணிக்கப்படுவது. ஆங்கில ஆண்டு பருவங்களை ஒட்டிக் கணிக்கப்படுவது. தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டினும் ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டது. ஆண்டுக்கு இருபது நிமிடம் என்பது சிறிது. ஆயின் இருநூறு ஆண்டுகளில் அது நான்காயிரம் நிமிடமாகும். அஃதாவது ஏறக்குறைய மூன்று நாள். ஆதலின் 1805-ஆம் ஆண்டில் ஆடிப் பதினெட்டாம் நாள், மூன்று நாள் முற்பட்டு, சூலை 31-ஆம் நாளிலேயே வந்தது. ஏடு குறித்த நாளும் நாவு குறித்த நாளும் ஒன்றே!

எழுத்தறியாத உழவரும் உழத்தியரும், காவிரிப் பெருக்கில் முளைப்பாரி விடும் நன்னாளோடு தம் தலைவர் மறைந்த நாளைப் பிணைத்து, பாட்டி பேத்திக்குச் சொல்ல, பேத்தி தன் மக்களுக்குச் சொல்ல, ஒரு நாளும் பிறழாமல் காத்து வந்துள்ளனர். கும்பினியார்தம் ஏடுகள் தளபதிகளின் பெயரைக் காத்தன. வேலப்பனையும் கருப்ப சேர்வையையும் போன்ற எளியோரை இன்றளவும் வாழவைத்திருப்பது மக்கள் நாவே.

மண்கோட்டையையும் மக்கள் கதையையும் ஒருங்கே எண்ணுவார்க்கு, மேலைக் கடலிலுள்ள அயர்லாந்துத் தீவு நினைவிற்கு வருதல் கூடும். அந்நாட்டில் பழங்கால மக்கள் எழுப்பிய வட்ட வடிவான மண்கோட்டைகள் பல்லாயிரம் இன்றும் மேடுகளாய் உள்ளன. அவற்றுள் அணங்குகள் வாழ்கின்றன என்று அந்நாட்டு உழவர் நம்பினர். ஆதலின் தம் வயலின் நடுவே அமைந்த மேட்டையும் ஏர்முனை தீண்டாது விட்டுவைத்தனர். பண்டை அரசர்க்குரிய தாரா என்னும் புகழ்பெற்ற மேட்டில், 1798-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள், ஆங்கில ஆட்சியை எதிர்த்தெழுந்த ஐரிஷ் மக்கள் பொருது வீழ்ந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் திப்புவை வீழ்த்திய போரை நடத்திய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு, தாரா மேடு அமைந்த மீத் நாட்டிற் குடிகொண்ட ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர் என்பது வரலாற்றின் விந்தை.

அங்கே கதை மேட்டைக் காத்தது. இங்கே காத்தற்கு மேடும் எஞ்சவில்லை. கதை தன்னைத்தானே காத்துக்கொண்டது. அயர்லாந்தின் கோட்டைமேடு கண்ணால் காண்பது. நம் ஓடாநிலை காதாற் கேட்பது.

இன்றைய நிலை

இன்று ஓடாநிலையில் அரசினர் அமைத்த மணிமண்டபம் நின்று அவர் நினைவைப் போற்றுகிறது. சென்னைக் கிண்டியில் அவர் உருவச்சிலை உள்ளது. தூக்கிலேறிய இருநூறாம் ஆண்டு நிறைவில், 2005-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், இந்திய அரசினர் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டனர். சங்ககிரிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. இவையனைத்தும் மகிழ்ச்சிக்குரியனவே.

ஆயினும் கல்லிற் செய்த நினைவுச்சின்னம் தானே பேசாது; பேசுவோர் வேண்டும். கொங்குநாட்டுச் சிற்றூர்களில் இக்கதைகளைத் தம் பாட்டியரிடம் கேட்டு வளர்ந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கதையுள் ஒன்று மிகையாக இருக்கலாம். மற்றொன்று, ஆடிப் பதினெட்டைப்போல், ஏட்டினும் நுட்பமான உண்மையைத் தன்னுள் பொதிந்திருக்கலாம். எது எத்தகையது என்று ஆராய்வதற்கு முதலில் கதை நம் கையில் இருத்தல் வேண்டும். விடுமுறைக்குக் காங்கேயத்திற்கும் அறச்சலூருக்கும் பெருந்துறைக்கும் செல்லும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும், ஒரு குறிப்பேட்டையும் சிறிது பொறுமையையும் உடன் கொண்டு சென்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோர் கூறுவதைக் கூறியவாறே எழுதிக் கொணர்வாராயின், அதுவே ஓடாநிலையின் மதிலுக்கு நாம் வைக்கும் ஓர் அடுக்கு மண்ணாகும். அம்மதில் முன்னும் அவ்வாறே, பல கைகள் கூடி எழுப்பியதன்றோ?